குடத்துள் விளக்கு

சென்ற பருவத்தின் இறுதியில் ஒருநாள், இராவுணவிற்குப்பின், எங்கள் விடுதி முற்றத்தில் நண்பர் சிலர் கூடி இலக்கியத்தைப்பற்றி உரையாடிக்கொண்டிருந்தோம். பேச்சு எங்கெங்கோ சென்று, ஜெர்மன் நாட்டுப் பெண்பாற் புலவருள் தலைசிறந்தவராக எண்ணப்படும் அன்னெட்டே வான் திரோஸ்டே ஹுல்ஸ்ஹோப் அம்மையாரிடம் வந்து நின்றது. பொருளியல் பயிலும் நண்பரொருவர் நகைத்து, "சீமாட்டி ஒருத்தி பாட்டெழுதியதில் வியப்பென்ன உளது? மாளிகையும் பணியாளரும் ஓய்வும் உடையார் எவரும் பாடலாம். பசித்தவன் பாடினாலன்றோ வியப்பு!" என்றார். கேட்டிருந்தோர் பலர் தலையசைத்தனர். யானும் விடைகூற அறியாது வாளா இருந்தேன். எனினும் அவ்வினா என் உள்ளத்தை விட்டகலவில்லை. விடுமுறை முழுதும் அவ்வம்மையாரின் வரலாற்றையும் பாடல்களையும் கிடைத்த அளவிற்குத் தேடிப் படித்தேன். அன்று கூறாது விட்ட விடையை இன்று இவ்வாண்டு மலரின் வாயிலாகக் கூற முற்படுகின்றேன்.

அவர்தம் நூல்களை அவர் எழுதிய மொழியிலேயே படிக்கும் பேறு எனக்கில்லை. ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியே கண்டவன் யான். ஆதலின் அவருடைய சொல்லழகைப்பற்றித் தீர்ப்புக் கூறும் தகுதி எனக்கில்லை. ஆனால் ஒருவர் எதனைப் பாடினார், எந்நிலையில் நின்று பாடினார், எத்தடையைக் கடந்து பாடினார் என்பவற்றை அறிய மொழிபெயர்ப்பே போதும். அவ்வாறு அறிந்த அளவில் என் கொள்கை இது. உயர்குடிப் பிறப்பு அம்மையார்க்கு நூல்களைத் தந்தது, ஆசிரியரைத் தந்தது, ஓய்வையும் தந்தது. ஆனால் தம் பெயரால் பாடும் உரிமையை மட்டும் அது எளிதில் தரவில்லை. விளக்கிற்கு நெய் வார்த்த கையே அதன்மேற் குடத்தையும் கவிழ்த்தது. அங்ஙனமிருந்தும் அவ்விளக்கு அவியாது எரிந்ததே, அதுதான் வியப்பு.

அம்மையார் 1797-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், ஜெர்மனியின் வடமேற்கிலுள்ள வெஸ்ட்பாலியா நாட்டில், மூன்ஸ்டர் நகருக்கு அணித்தாகவுள்ள ஹுல்ஸ்ஹோப் கோட்டையிற் பிறந்தார். நீர் சூழ்ந்த கோட்டை அது. அவர் குடும்பம் கத்தோலிக்க சமயத்தைச் சார்ந்த பழம்பெருங் குடும்பம். தந்தையார் பறவைகளிலும் செடிகொடிகளிலும் வயலின் இசையிலும் ஈடுபட்ட மென்மையாளர். தாயாரோ குடும்பத்தைக் கட்டியாளும் உறுதியுடையவர். நிறைமாதத்திற்கு முன்னரே பிறந்த குழவியாதலின், பிழைக்குமோ பிழையாதோ என்று யாவரும் ஐயுற்றனர். நெசவாளர் ஒருவரின் மனைவி செவிலியாக வந்து பாலூட்டிக் காத்தார். அம்மையார் இந்நன்றியை இறுதிவரை மறந்திலர். அச்செவிலி முதுமையுற்றபோது அவரைத் தம்முடனேயே வைத்துப் பேணினார். இச்செவிலியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றேன். பின்னர் அவரைப்பற்றி ஒரு சொல் கூறவேண்டியிருக்கிறது.

அம்மையாரின் கண்கள் இயல்பிலேயே குறையுடையன. தொலைவிலுள்ளவை அவர்க்கு மூடுபனிக்குள் மறைந்தவைபோலத் தோன்றும். அண்மையிலுள்ளவையோ பிறர் காணாத நுண்மையோடு துலங்கும். புல்நுனியில் ஊரும் பூச்சி, பாசியின் இழை, கல்லிற் பதிந்த பண்டைச் சிப்பியின் வரி ஆகிய இவையே அவர் கண்ட உலகம். சிறு சுத்தியல் ஒன்றைக் கையிற்கொண்டு, கல்வெட்டும் குழிகளிலும் மண்ணெடுக்கும் பள்ளங்களிலும் தனியே திரிந்து, புதைபடிவங்களைத் தேடித் திரட்டுவது அவர் வழக்கம். சீமாட்டி ஒருவர் சேறுபடிந்த பாவாடையோடு கல்லுடைத்துத் திரிந்ததனை உறவினர் எங்ஙனம் நோக்கியிருப்பர் என்பதைக் கூறவேண்டுவதில்லை. ஆனால் அவ்வழக்கமே பின்னர் அவர்க்குக் கவிதையாயிற்று. அவர் நாளிற் பாடினோர் பலர் நிலவையும் முகிலையும் நோக்கிப் பெருமூச்செறிந்தனர். இவரோ குனிந்து தரையை நோக்கினார். குறையென்று பிறர் கருதியதை முதலாக்கி வாணிபஞ் செய்தவர் இவர்.

கல்வி அவர்க்குக் குறைவின்றிக் கிடைத்தது. உடன்பிறந்த ஆண்மக்களுக்கு அமர்ந்த ஆசிரியரிடமே இவரும் இலத்தீன் முதலிய மொழிகளைக் கற்றார். இசையிற் பயின்று தாமே பண்ணமைத்தார். தாயார் பிறந்த ஹாக்ஸ்தாவுசன் குடும்பத்தார் இல்லத்திற்கு அறிஞர் பலர் வருவர். நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டிப் புகழ்பெற்ற கிரிம் சகோதரர் அக்குடும்பத்தோடு நெருங்கிப் பழகினர். அம்மையாரும் அவர் தமக்கை ஜென்னியும் தாங்கள் கேட்டறிந்த கதைகளை அவர்களுக்குக் கொடுத்துதவினர். இவையெல்லாம் செல்வக்குடியிற் பிறந்ததனால் விளைந்த நலன்கள் என்பதை மறுப்பார் இலர், யானும் மறுக்கவில்லை.

இனி மறுபுறத்தைக் காண்போம். அக்குடியிற் பிறந்த பெண்ணுக்கு விதிக்கப்பட்ட வழிகள் இரண்டே. ஒன்று, தகுதியொத்த பிரபு ஒருவரை மணத்தல்; மற்றொன்று, மணமின்றிக் குடும்பத்தாரின் நிழலிலேயோ கன்னியர் இல்லத்திலேயோ காலங்கழித்தல். 1820-ஆம் ஆண்டில் இருபத்துமூன்று வயதுடைய அம்மையார் ஹைன்ரிக் ஸ்டிரவுபே என்னும் மாணவரிடத்து அன்புற்றிருந்தார். அவர் பிரபு குலத்தவரல்லர், கத்தோலிக்கருமல்லர். அம்மாணவரின் தோழர் ஒருவரும் அம்மையாரை அணுகி, அவர் மனத்தை ஆராய்வதுபோலப் பழகினார். பின்னர் அவ்விருவரும் கூடி ஒரே மடல் எழுதி, அவர் நட்பை உதறினர். செய்தி குடும்பத்திற் பரவிற்று. அம்மையார்க்கு நேர்ந்த துயரைக் கேட்பாரில்லை. குடும்பத்திற்கு நேர்ந்த நாணமே பெரிதாகப் பேசப்பட்டது. அவர் அதன்பின் மணம் புரியவேயில்லை.

அவ்வாண்டிலேதான் அவர்தம் வாழ்வின் முதற் பெரும் முயற்சி உருவாயிற்று. திருச்சபையின் ஆண்டு முழுதும் வரும் ஞாயிறுகளுக்கும் திருநாட்களுக்கும் உரிய நற்செய்திப் பகுதிகளை அடியாகக்கொண்டு, ஒவ்வொன்றிற்கும் ஒரு பாட்டெழுத அவர் முனைந்தார். 'திருச்சபை ஆண்டு' என்று யாம் வழங்கத்தக்க அந்நூலைத் தொடங்கியபோது, பக்தி மிக்க பாட்டியார்க்கு ஒரு காணிக்கையாகவே அதனை எண்ணியிருந்தார். ஆனால் நெஞ்சம் புண்பட்ட பின்னர், பாட்டியார் மகிழ்ந்து படிக்கத்தக்க பாட்டுகள் அவர் எழுதுகோலினின்று வரவில்லை. வந்தவை ஐயமும் அச்சமும் கலந்த வேண்டுதல்கள். நம்ப விரும்புகின்றேன், நம்ப இயலவில்லை. அன்பு உண்டு, விசுவாசம் தளர்கின்றது என்று இறைவன் திருமுன் நின்று மறைக்காது முறையிடும் உள்ளத்தின் குரல் அவை. நூலின் முகப்பில் தாயார்க்கு எழுதிய மடலிலும், விசுவாசத்தினும் அன்பு மிகுந்தோர் மறைவாகப் பலர் உளர். அத்தகையோர்க்கே இந்நூல் பயன்படும் என்னும் கருத்தை அவர் வெளியிட்டார்.

உயிர்த்தெழுந்த திருநாள்வரையிலான பாடல்கள் அடங்கிய அவ்வேட்டை 1820-ஆம் ஆண்டு அக்டோபரில் தாயார் கையிற் கொடுத்தார். தாயார் படித்தார், மனங்கலங்கினார், ஏட்டை அலமாரியுள் வைத்தார். நாட்கள் சென்றன. ஒரு சொல்லும் வரவில்லை. இறுதியில் மகளே சென்று அதனை எடுத்துக்கொண்டார். எடுத்ததையும் எவரும் வினவவில்லை. நண்பர்களே, இந்நிகழ்ச்சியை யான் படித்தபோது நூலை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் இருந்தேன். சினந்து கிழித்தெறிந்திருந்தால்கூட அது ஒரு விடையாகும். நல்லதென்றும் தீயதென்றும் கூறாத அவ்வமைதியினும் கொடிய திறனாய்வு வேறு உண்டோ? பிற்பகுதியைத் தொடர அம்மையார்க்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பிடித்தன. 1839-ஆம் ஆண்டிலும் அதனை அடுத்தும் அதனை எழுதி முடித்தார். அந்நூல் அச்சேறியது 1851-ஆம் ஆண்டில். அதாவது, அவர் மறைந்து மூன்றாண்டுகள் கழிந்த பின்னர்.

கிறிஸ்தவ மாணவனாகிய எனக்கு இந்நூல் கற்பித்த பாடம் ஒன்றுண்டு. ஐயம் தோன்றியவுடன் வழிபாட்டை விடுவோர் சிலர்; ஐயத்தை மறைத்துக்கொண்டு உரத்த குரலிற் பாடுவோர் சிலர். அம்மையார் இவ்விரண்டும் செய்திலர். தம் ஐயத்தையே ஏந்திச்சென்று திருப்பீடத்தின்முன் வைத்தார். உள்ளதை உள்ளவாறு கூறும் வேண்டுதலே இறைவனுக்கு ஏற்புடையதென்று நம்மில் எத்துணைப் பேர் துணிந்து கருதுகின்றோம்? புகழ்ச்சிப் பாட்டுகளுக்கு எக்காலத்தும் குறைவில்லை. உண்மை கூறும் பாட்டே அரிது. மாளிகையும் ஓய்வும் அவ்வுண்மையை ஒருவர்க்கு வாங்கித் தரமாட்டா.

1826-ஆம் ஆண்டில் தந்தையார் காலமானார். கோட்டை தம்பியார் வெர்னர் ஆட்சிக்கு வந்தது. குடும்பத்துள் மூத்த ஆண்மகன் அவரே. அம்மையார் தாயாரோடும் தமக்கையோடும் அணித்தேயிருந்த ரூஷ்ஹவுஸ் என்னும் சிறு மாளிகைக்குக் குடிபெயர்ந்தார். பண்ணைவீடும் பிரபு மனையும் ஒருங்கே கலந்த கட்டடம் அது. அங்குத் தமக்கு வாய்த்த தாழ்ந்த சிற்றறையை நத்தைக்கூடு என்று விளையாட்டாக வழங்குவர். அக்கூட்டிலிருந்தே அவருடைய பாடல்கள் பல பிறந்தன.

1838-ஆம் ஆண்டில் மூன்ஸ்டர் நகரிலே அவருடைய முதல் நூல் வெளிவந்தது. அதனைத் தொகுத்துப் பதிப்பித்தற்குத் துணைநின்றவர் ஷ்லூட்டர் என்னும் பார்வையிழந்த பேராசிரியர். நூலின் முகப்பிற் பெயர் எங்ஙனம் இருந்ததென நினைக்கின்றீர்கள்? முதற்பெயர்கள் இரண்டும் விளங்க, குடும்பப் பெயரோ முதலெழுத்துகளும் புள்ளிகளுமாகச் சுருங்கி நின்றது! குடும்பப் பெயர் கடைத்தெருவிற் கிடத்தலாகாதென்பது பெரியோர் கருத்து. அச்சிட்ட படிகள் 500, விற்றவை 74. உறவினருட் சிலர் எள்ளி நகைத்தனர். நாற்பத்தோராம் வயதில் முதல் நூல், பாதிப் பெயர், எழுபத்துநான்கு படிகள்! சீமாட்டியாதலின் எல்லாம் எளிதிற் கைகூடின என்று கருதும் நண்பர் இக்கணக்கைப் பார்ப்பாராக.

இவ்விடத்து லெவின் ஷூக்கிங் என்னும் இளைஞர் அம்மையார் வாழ்விற் புகுகின்றார். பதினேழு ஆண்டு இளையவராகிய இவர், அம்மையார் போற்றிய பெண்புலவர் ஒருவரின் மகன். தாயை இழந்த இவரை அம்மையார் மகன்போலவும் தோழர்போலவும் கருதி அன்புகாட்டினார். தமக்கை ஜென்னியை மணந்த லாஸ்பெர்க் பிரபு, தென்கோடியில் கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையிலுள்ள மேர்ஸ்பர்க் பழங்கோட்டையில் அரிய சுவடிகளைத் திரட்டி வைத்திருந்தார். அச்சுவடிகளை ஒழுங்குசெய்ய ஷூக்கிங் அமர்த்தப்பட்டார். 1841-ஆம் ஆண்டின் இறுதியிலும் அதனையடுத்த மாதங்களிலும் இருவரும் அங்கே தங்கினர். ஒருநாள் அம்மையார், வரும் வாரங்களுக்குள் ஒரு நூலளவு பாடல்களைப் பாடிவிடுவேன் என்றனர். கவிதை கட்டளைக்கு வருவதன்று என்று ஷூக்கிங் மறுத்தார். பந்தயம் கட்டினர். நாள்தோறும் அம்மையார் பாடினார். சில நாட்களில் ஒன்றுக்கு மேலும் பாடினார். குளிர்காலம் நீங்குமுன் பந்தயத்தை வென்றார்.

இக்காதையைக் கூறுவோர், "அன்பு தூண்டிற்று, பாட்டுப் பொங்கிற்று" என்று முடித்துவிடுவர். இஃது அம்மையார்க்கு இழைக்கும் இரண்டாவது அநீதி என்பேன். முன்னையோர் அவர் பாட்டைப் பிறப்பின் பயன் என்றனர். இவர்கள் இளைஞரொருவரின் கொடை என்கின்றனர். எரியும் விறகு உள்ளே குவிந்திராவிடின் ஒரு பொறி என்ன செய்யும்? இருபதாண்டுகள் கல்லையும் புல்லையும் கூர்ந்து நோக்கிய நோக்கு, எழுதி எழுதி அழித்த பயிற்சி, அலமாரியிலிருந்து மீட்டெடுத்த ஏடு ஆகிய இவையே அக்குளிர்காலத்திற் கனன்றன. ஷூக்கிங் செய்த உதவி பெரிது. அம்மையாரைக் கவிஞர் என்று ஐயமின்றி நம்பியதே அவ்வுதவி. நம்பிக்கை வேறு, ஆக்கம் வேறு.

அக்காலத்துப் பாடல்களுள் 'கோபுரத்தின்மேல்' என்பது தனியே குறிக்கத்தக்கது. ஏரியை நோக்கிய உயர்மாடத்திற் புயற்காற்று வீச ஒரு பெண் நிற்கின்றாள். கீழே அலைகள் மோதுகின்றன. தொலைவில் கலமொன்று செல்கின்றது. வேடனாக, வீரனாக, ஆணாகப் பிறந்திருந்தால் அங்கெல்லாம் செல்வேனே என்று அவள் ஏங்குகின்றாள். முடிவில் அவளாற் செய்யக்கூடியது, ஒருவரும் காணாதபடி கூந்தலை அவிழ்த்துக் காற்றில் அலையவிடுதல் ஒன்றே. கோபுரம் உயர்ந்தது, ஆனால் அதன் உச்சியிலிருந்து போக வழியில்லை. உயர்குடிப் பெண்ணின் நிலையை இதனினும் சுருக்கமாக வேறெவர் கூறினார்?

'சதுப்புநிலத்துச் சிறுவன்' என்னும் பாட்டு ஜெர்மன் நாட்டுச் சிறார் பலர் பள்ளியிற் படிப்பது. பாடப்புத்தகத்தைப் பற்றிக்கொண்டு அந்திப்பொழுதிற் சதுப்புநிலத்தின் வழியே வீடு திரும்பும் சிறுவன், நாணல் அசைவிலும் மண்ணின் குமிழ்விலும் ஊரார் சொன்ன பேய்களையெல்லாம் காண்கின்றான். ஓடி ஓடி, காலடி உறுதிப்பட்ட பின்னர், தொலைவில் வீட்டு விளக்கின் ஒளி தெரிகின்றது. அவ்வளவே கதை. ஆனால் அச்சத்தைத் தாமே துய்த்து, ஒலியொலியாகக் கேட்டு எழுதிய பாட்டு அது.

உரைநடையிலும் அம்மையார் ஒரு சிறுநூலால் நிலைபெற்றார். 'யூதரின் பீச் மரம்' என்னும் கதை 1842-ஆம் ஆண்டில் கோட்டா நிறுவனத்தார் நடத்திய இதழொன்றிற் பகுதி பகுதியாக வெளிவந்தது. தாயாரின் ஊர்ப்பக்கத்தில் 1783-ஆம் ஆண்டில் யூதர் ஒருவர் கொலையுண்ட உண்மை நிகழ்ச்சி இதற்கு வித்து. காட்டு மரங்களைத் திருடுவதையே வழக்கமாகக் கொண்ட சிற்றூரில், குடியாற் கெட்ட தந்தைக்கும் வறுமையால் உள்ளம் இறுகிய தாய்க்கும் பிறந்த பிரடெரிக் மெர்கல் என்னும் சிறுவன் எங்ஙனம் படிப்படியாகக் கெடுகின்றான் என்பதே கதை. தொடக்கத்திலுள்ள பாட்டில், நல்ல இல்லத்து ஒளியிற் பிறந்து வளர்ந்தோர், இருளில் வளர்ந்த எளியவனைத் தீர்ப்பிட முந்தலாகாதென்று எச்சரிக்கின்றார். எழுதியவர் யாவர்? ஒளியிற் பிறந்தோருள் ஒருவரே! காட்டையும் கழனியையும் உடைமையாகக் கொண்ட குலத்தில் தோன்றியவர், மரந்திருடிய ஏழையின் மகனுக்காகப் பரிந்து பேசுகின்றார். மாளிகைச் சாளரத்தின் வழியே ஏழையைக் கண்டு கண்ணீர் வடிப்பது எளிது. இவரோ அவன் குடிசையுட் புகுந்து, அவன் நெஞ்சில் தீமை முளைக்கும் வழியைப் பிறழாது காட்டினார்.

குறைகளையும் மறைத்தலாகாது. அக்கதையில் யூதரைப்பற்றி அந்நாளார் கொண்டிருந்த இழிந்த எண்ணங்கள் ஒலிக்கின்றன. ஆசிரியர் அவற்றைக் கண்டிக்கின்றாரா, தாமும் ஓரளவு உடன்படுகின்றாரா என்று ஆராய்வோர் வாதிட்டுள்ளனர். பெண்ணுரிமைக்கெனக் கொடி பிடித்தவரும் அல்லர் அவர், பழைய ஒழுங்கை மதித்தவர், புரட்சியை விரும்பாதவர். 1846-ஆம் ஆண்டில் ஷூக்கிங் வெஸ்ட்பாலியப் பிரபுக்களைச் சாடும் நாவலொன்றை வெளியிட்டபோது, தம்மிடம் கேட்டறிந்த செய்திகள் அதிற் பயன்பட்டன என்று மனமுடைந்து அவர் நட்பைத் துறந்தார். தம்மைக் கட்டிய தளையையே தாம் விரும்பினார் என்றால் முரணாகத் தோன்றும். ஆயினும் மாந்தர் நெஞ்சம் அத்தகையதே. தளையின் கனத்தை உணர்ந்து பாடியவர், அத்தளையை இட்ட கைகளையும் நேசித்தார். அதனாலேயே அவர் பாட்டில் வெறும் முழக்கம் இல்லை; நோவு உண்டு.

1843-ஆம் ஆண்டிற் பெண்நண்பர் ஒருவர்க்கு எழுதிய கடிதத்திலே, இப்போது புகழ்பெறும் விருப்பம் தமக்கில்லையென்றும், நூறாண்டு கழிந்த பின்னர்த் தம் நூல் படிக்கப்பட வேண்டுமென்றே விரும்புவதாகவும் அம்மையார் குறித்தார். அவ்வாண்டு நவம்பரில் மேர்ஸ்பர்க்கிலே திராட்சைத் தோட்டம் சூழ்ந்த சிறு வீடொன்றை ஏலத்தில் எடுத்தார். தம் எழுத்தால் வரும் ஊதியத்தைக்கொண்டே அதன் விலையைத் தீர்க்க எண்ணினார். ஒருவர் தயவாலன்றித் தம் கையால் வந்த வீடு! 1844-ஆம் ஆண்டில் கோட்டா நிறுவனத்தார் அவருடைய இரண்டாவது பாடற்றொகுதியை வெளியிட்டனர். இம்முறை முகப்பில் அவர் பெயர் முழுமையாகவே நின்றது. குடம் சற்றே விலகிற்று. ஆனால் உடல் தளர்ந்துவிட்டது. அவ்வீட்டில் நிலையாக வாழ அவர்க்கு வாய்க்கவில்லை. 1848-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள், தம் ஐம்பத்தோராம் வயதில், மேர்ஸ்பர்க் கோட்டையிலே உயிர்நீத்தார்.

அவர் வேண்டிய நூறாண்டு 1943-ஆம் ஆண்டிலேயே நிறைவுற்றது. அதற்கப்பாலும் அவர் மறக்கப்படவில்லை. 1992-ஆம் ஆண்டில் ஜெர்மன் அரசின் நடுவண் வங்கி வெளியிட்ட இருபது மார்க் தாளில் அவர் உருவம் பொறிக்கப்பட்டது. மறுபுறத்தில் இறகு எழுதுகோலும் பீச் மரமும் இடம்பெற்றன. யூரோ நாணயத்தாள் 2002-ஆம் ஆண்டில் வரும்வரை அது வழங்கிற்று. கடைத்தெருவிற் பெயர் கிடத்தலாகாதென்று புள்ளியிட்டு மறைக்கப்பட்டவரின் முகம், அந்நாட்டின் கடைதோறும் கைமாறியது! காலம் இழைத்த அழகிய பழிவாங்கல் இது.

இனி என் நண்பர்க்கு விடை கூறுவேன். "ஓய்வின்றிக் கவிதை இல்லை" என்றீர். ஓரளவு ஒப்புகின்றேன். அம்மையாரைப் பாலூட்டிக் காத்த நெசவாளர் மனைவியை நினைமின். அவர் நெஞ்சிலும் பாட்டு இருந்திருக்கலாம். அதனை எழுத ஏடுமில்லை, எழுதப் பொழுதுமில்லை. அவர் பாட்டு ஒன்றேனும் நமக்கு எஞ்சவில்லை. ஆகவே உமது வினாவினின்று பிறக்கவேண்டிய முடிவு, "சீமாட்டியின் பாட்டிற் சிறப்பில்லை" என்பதன்று. "செவிலிக்கும் ஏடு கிடைத்திருக்க வேண்டும்" என்பதே. ஆனால் ஏடு கிடைத்தாற்கூடப் போதாது. ஏட்டை எழுதி நீட்டும்போது, அதனை வாங்கிப் படித்து, ஒரு சொற் கூறுவார் வேண்டும். கோட்டையிற் பிறந்தவர்க்கே அச்சொல் கிடைக்கவில்லையெனின், பிறர் நிலையை என்னென்பது!

இவ்வாறு எழுதிவரும் யான் குற்றமற்றவன் அல்லேன். ஈராண்டுகளுக்குமுன், தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் சேர்ந்த புதிதில், விடுமுறைக்கு வீடு சென்றிருந்தேன். என் தங்கை தான் எழுதிய பாக்கள் சிலவற்றை ஒரு பழைய கணக்கேட்டிற் கொணர்ந்து தயங்கித் தயங்கி நீட்டினாள். யாப்பிலக்கணம் கற்ற செருக்கு அப்போது எனக்கு மிகுதி. சிவப்பு மையை எடுத்துத் தளை தட்டிய இடங்களையெல்லாம் சுழித்து, எதுகை பிழைத்த அடிகளுக்குக் கோடிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அவள் எதைப் பாடியிருந்தாள் என்று யான் நோக்கவேயில்லை. "அண்ணா, நன்றாக இருக்கிறதா?" என்று அவள் கேட்டதற்கு, "தளை தட்டுகிறது" என்பதே என் விடை. அதன்பின் அவள் எனக்கு ஒன்றும் காட்டியதில்லை. வெஸ்ட்பாலியத் தாயாரின் அலமாரியைக் கண்டு மனம் புழுங்கியபோதுதான், என் சிவப்பு மையும் ஓர் அலமாரியே என்பது புலனாயிற்று.

கல்லூரித் தோழர்களே, தோழியர்களே! நாம் ஒவ்வொருவரும் நாளை ஓர் இல்லத்திற்கோ பள்ளிக்கோ பத்திரிகைக்கோ உரியோராவோம். நம்மிடம் ஏடுகள் நீட்டப்படும்; நீட்டும் கைகள் நடுங்கும். எல்லா ஏட்டிலும் ஓர் அன்னெட்டே இருப்பார் என்று யான் கூறவில்லை. படிக்காமலே அலமாரியில் வைப்போமாயின், இருந்தாரா இல்லையா என்பதையும் நாம் அறியமாட்டோம் என்றே கூறுகின்றேன். விளக்கைக் கொளுத்தி மரக்காலின்கீழ் வைப்பார் எவருமில்லை என்பது நாம் சிறுவயதுமுதல் கேட்ட திருமொழி. வைத்தார் உளர், வைத்துக்கொண்டும் இருக்கின்றோம். இவ்வாண்டு விடுமுறைக்கு வீடு சென்றவுடன், அந்தப் பழைய கணக்கேட்டை மீண்டும் ஒருமுறை தருமாறு என் தங்கையிடம் கேட்கப்போகின்றேன். இம்முறை சிவப்பு மை கொண்டு செல்லேன்.